பழுதும் பொறுப்பும்: வீட்டுப் பனிக்கட்டி இயந்திரத்தை முன்வைத்து ஓர் அறநோக்கு

ஒரு பொருள் பழுதுறும்போது அதன் காரணத்தை வினவுவது மனித இயல்பு. எந்த உறுப்புத் தேய்ந்தது, எந்தக் கம்பி அறுந்தது, எவ்வளவு பணம் செலவாகும் என்பன உடனடியாகவே எழும் வினாக்கள். ஆயின், அப்பழுதை நீக்குவதற்கு வழிசெய்யும் கடமை எவரைச் சார்ந்தது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. வாங்கியவன் பணத்தைக் கொடுத்தான். விற்றவன் பொருளைக் கொடுத்தான். அத்துடன் இருவருக்குமிடையிலான தொடர்பு முற்றுப்பெற்றது என்ற எண்ணமே பொதுவாக நிலவுகின்றது. மண்பானைக்கும் ஓலைப்பெட்டிக்கும் இவ்வெண்ணம் பொருந்தலாம். பல உறுப்புகளால் ஆனதும், அவ்வுறுப்புகளை ஆக்கியவனையன்றிப் பிறர் எளிதிற் செய்துகொள்ள இயலாததுமான இயந்திரமொன்றுக்கும் அது பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படும் பிரச்சினையாகும்.

இவ்வாராய்ச்சிக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இல்லங்கள் சிலவற்றிற் காணப்படும் தனித்து நிற்கும் பனிக்கட்டி இயந்திரம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. மருத்துவமனைக் கருவியையோ உழவு இயந்திரத்தையோ எடுத்துக்கொண்டால் இரக்கமே தீர்ப்பை வழங்கிவிடும். நோயாளியின் உயிரும் உழவனின் அறுவடையும் வாதத்துக்கு முன்னரே மனத்தை வென்றுவிடும். பனிக்கட்டி இயந்திரம் நின்றுபோவதால் எவரும் பட்டினி கிடப்பதில்லை. அது வசதி படைத்தோரின் சமையலறைப் பொருள். அத்தகைய பொருளிலும் ஆக்கியவனுக்கு ஒரு கடமை உண்டென நிறுவப்படுமாயின், அக்கடமை தேவையின் அவசரத்தினின்றும் பிறந்ததன்று என்பதும், ஆக்குவோனுக்கும் கொள்வோனுக்கும் இடையேயுள்ள உறவிலேயே வேர்கொண்டது என்பதும் தெளிவாகும்.

பனிக்கட்டி ஒருகாலத்தில் இயற்கை உறையவைத்துத் தந்த பொருளாகவே இருந்தது. பொஸ்ரன் நகர வணிகரான பிரெடெரிக் ரியூடர், குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளிலிருந்து வெட்டியெடுத்த பனிக்கட்டியை 1806ஆம் ஆண்டில் மார்ட்டினிக் தீவுக்கும் 1833ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் கப்பலேற்றினார். புளோரிடாவின் அப்பலச்சிக்கோலா என்னும் துறைமுகப் பட்டினத்தில் மருத்துவராயிருந்த ஜோன் கொறி, காய்ச்சலால் வருந்துவோரின் அறைகளைக் குளிர்விக்க விரும்பினார். அம்முயற்சியின் வழியாகப் பனிக்கட்டி செய்யும் பொறியொன்றை அமைத்து 1851ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். கப்பலில் வந்த பனிக்கட்டி உருகினால் மறுகப்பலை எதிர்பார்ப்பதன்றி வேறு வழியில்லை. பொறி வந்தபின் நிலைமை மாறியது. பனிக்கட்டியை வாங்குவதற்குப் பதிலாக, அதனை ஆக்கும் ஆற்றலையே மனிதன் வாங்கத் தொடங்கினான். இந்த மாற்றம் பின்வரும் வாதத்துக்கு அடிப்படையானது.

இவ்வியந்திரம் தொழிற்படும் முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும். குழாய் நீர் மின்வால்வு ஒன்றின் வழியே உள்ளே வந்து சிறு தொட்டியில் நிரம்புகின்றது. பம்பி ஒன்று அந்நீரைச் சாய்வாக அமைந்த குளிர்த்தட்டின் மீது இடையறாது ஓடவிடுகின்றது. தூய நீரே முதலில் உறைவதாலும், நீரிற் கரைந்துள்ள உப்புகள் ஓடும் நீருடன் கழுவிச் செல்லப்படுவதாலும், கண்ணாடி போன்ற தெளிந்த பாளமொன்று தட்டில் உருவாகின்றது. பாளம் போதிய தடிப்பை அடைந்ததும் வேறொரு வால்வு திறக்க, சூடான வாயு தட்டின் அடியிற் பாய்கின்றது. பாளம் நழுவிக் கீழுள்ள கம்பிச் சட்டகத்தின் மீது விழுகின்றது. குறைந்த மின்னழுத்தத்தாற் சூடேறிய அம்மெல்லிய கம்பிகள் பாளத்தைக் கட்டிகளாக அறுக்கின்றன. கட்டிகள் சேமிப்புத் தொட்டியில் நிறைந்து அங்குள்ள உணரியைத் தொட்டதும் இயந்திரம் ஓய்கின்றது. பெரும்பாலான இயந்திரங்களில் அத்தொட்டி குளிரேற்றப்படுவதில்லை. கட்டிகள் மெல்ல உருகி வடிந்துகொண்டேயிருக்க, இயந்திரம் புதியனவற்றை ஆக்கி அந்தக் குறையை நிரப்புகின்றது.

இதன் பழுதுகள் இரு வகைப்படும். பம்பி இறுகிப்போதல், மின்வால்வு அடைபடுதல், சட்டகத்தின் கம்பி அறுதல், உணரி பிழைபடுதல், வடிகுழாய் அடைத்துக்கொள்ளுதல் என்பன ஒரு வகை. மின்னிணைப்பைத் துண்டித்தபின், சில திருகாணிகளைக் கழற்றத் தெரிந்தவர் உரிய உதிரிப்பாகத்தைப் பெற்றால் இவற்றிற் பலவற்றைத் தாமே திருத்திவிடலாம். மற்றைய வகை, கொம்பிறசர் என வழங்கும் அமுக்கியையும் அதனுடன் மூடிய சுற்றாக இணைந்துள்ள குழாய்களையும் சார்ந்தது. அங்கு அடைக்கப்பட்டுள்ள குளிரூட்டும் வாயுவைக் கையாளச் சிறப்புக் கருவிகளும் பயிற்சியும் வேண்டும். ஒரே பெட்டியினுள் திறக்கத்தக்க பகுதியும் திறக்கத்தகாத பகுதியும் அருகருகே அமைந்திருத்தல் மனங்கொளத்தக்கது. அறநோக்கிலும் இவ்வேறுபாடு முக்கியமானது.

உறுப்புகளை மாற்றுதல் பற்றிய சிந்தனை மெய்யியலில் மிகப் பழையது. அதென்ஸ் நகரத்தார் தீசியஸின் கப்பலைப் பேணி வந்தனர் என்றும், உளுத்த பலகைகளை அகற்றிப் புதியவற்றைப் பொருத்தினர் என்றும், அது பழைய கப்பல்தானா என மெய்யியலாளர் வாதிட்டனர் என்றும் புளூட்டாக் குறிப்பிடுகின்றார். 1655ஆம் ஆண்டில் வெளியான தமது நூலொன்றில் தோமஸ் ஹொப்ஸ் இவ்வினாவை மேலும் கடினமாக்கினார்: அகற்றிய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து அதே ஒழுங்கில் மீண்டும் பொருத்தினால் எது தீசியஸின் கப்பல்? பனிக்கட்டி இயந்திரத்தை வைத்திருப்பவருக்கு இது பெரிய சிக்கலாகத் தோன்றாது. பம்பியும் சட்டகமும் உணரியும் மாற்றப்பட்ட பின்னரும் அவர் அதனைத் தம் பழைய இயந்திரமென்றே கருதுவார். அவரது பார்வையில் ஓர் இயந்திரத்தின் ஒருமைப்பாடு அதன் தொழிலின் தொடர்ச்சியிலும் அதனைப் பேணும் கரங்களின் தொடர்ச்சியிலும் தங்கியுள்ளது. உலோகமும் பிளாஸ்ரிக்கும் அத்தொடர்ச்சிக்குக் கருவிகளே.

இக்கருத்தை ஏற்றுக்கொண்டால், விற்கப்பட்டது யாது என்ற வினாவுக்கும் விடை கிடைக்கின்றது. விற்கப்பட்டது பனிக்கட்டி ஆக்கும் ஆற்றல். விற்பவன் அதனைச் சில ஆண்டுகளேனும் நிலைக்கும் ஆற்றலாகவே அறிமுகப்படுத்துகின்றான். அவ்வாற்றல் நிலைக்க வேண்டுமாயின் தேயும் உறுப்புகள் மாற்றப்படுதல் இன்றியமையாதது. பம்பி தேயும் என்பதும் கம்பி அறும் என்பதும் ஆக்கியவனுக்கு முன்னரே தெரிந்தவை. எனவே உதிரிப்பாகம் என்பது முதல் விற்பனையோடு தொடர்பற்ற தனிப்பண்டமன்று. அவ்விற்பனையின் நிறைவேறாத எஞ்சிய பகுதி எனலாம். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. புதிய இயந்திரம் வாங்குபவர் பல கம்பனிகளின் பொருள்களை ஒப்புநோக்கித் தெரிவு செய்கின்றார். சந்தையின் நியாயம் என்று கூறப்படுவது இத்தெரிவுச் சுதந்திரமே. உதிரிப்பாகம் வாங்க வருபவருக்கோ அச்சுதந்திரம் பெரும்பாலும் இல்லை. அவரது இயந்திரத்துக்குப் பொருந்தும் சட்டகம் ஒன்றே. தெரிவு இல்லாத இடத்தில் தெரிவின் பெயரால் நியாயம் பேசுதல் பொருந்தாது.

மாற்றத்தக்க உறுப்பு என்ற கருத்தின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. பிரான்சில் ஒனொரே பிளாங் என்பவர் துவக்குகளின் உறுப்புகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்கனவாகச் செய்ததைக் கண்ட தோமஸ் ஜெபர்சன், 1785ஆம் ஆண்டில் ஜோன் ஜேய்க்கு எழுதிய கடிதத்தில், ஆயுதங்களைத் திருத்த வேண்டி வரும்போது இம்முறையின் நன்மை வெளிப்படை எனச் சுட்டினார். பின்னர் இம்முறை பெருந்தொகை உற்பத்திக்கு அடித்தளமாயிற்று. ஆயின், அதன் சிறப்பாகத் தொடக்கத்திலேயே கருதப்பட்டவற்றுள் ஒன்று பழுதுற்ற இடத்திலேயே எளிதாகத் திருத்திக்கொள்ளும் வசதியாகும். அதே முறையால் வளர்ந்த கைத்தொழில், குறித்த இலக்கமுடைய உறுப்பொன்று இனிக் கிடையாது எனக் கூறி முழுப் பெட்டியையும் பயனற்றதாக்குமாயின், அது தன் மூலக் கருத்துக்கே முரணானதாகும்.

இதற்கு எதிரான வாதங்களையும் நேர்மையாக எடைபோடுதல் வேண்டும். முதலாவது, செலவு பற்றியது. ஒவ்வொரு மாதிரியின் ஒவ்வொரு உறுப்பையும் காலவரையறையின்றிக் களஞ்சியத்தில் வைத்திருத்தல் எவராலும் இயலாது. அச்செலவு ஈற்றிற் புதிதாக வாங்குவோரின் தலையிலேயே விழும். மேலும், திருத்துநர் ஒருவர் வீட்டுக்கு வந்து செல்லும் கூலியையும் உறுப்பின் விலையையும் கூட்டினால் புதிய சிறு இயந்திரம் ஒன்றை வாங்குதலே மலிவாகலாம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயின், அது கடமைக்கு எல்லை வகுக்கின்றதேயன்றிக் கடமையை இல்லாமற் செய்வதில்லை. எல்லையின்றிச் சேமிக்க இயலாது என்பதிலிருந்து நியாயமான ஒரு காலத்துக்கும் சேமிக்க வேண்டியதில்லை என்ற முடிவு பெறப்படாது. மலிவு என்பதும் எவரது கணக்கில் மலிவு என நோக்கப்படல் வேண்டும். எறியப்படும் பெட்டியின் உலோகத்தையும் நுரைப்பொருளையும் வாயுவையும் சமூகம் முழுவதுமே பொறுக்க வேண்டியுள்ளது. அச்செலவு கடைச்சீட்டில் இடம்பெறுவதில்லை.

திட்டமிட்டு ஆயுளைக் குறைத்தல் பற்றிய குற்றச்சாட்டு இவ்விடத்தில் நினைவுக்கு வருதல் இயல்பே. 1924ஆம் ஆண்டில் மின்குமிழ்க் கம்பனிகள் ஒன்றுகூடி அமைத்த பீபஸ் கூட்டமைப்பு, குமிழின் ஆயுளை 1,000 மணித்தியாலத்துக்கு மட்டுப்படுத்தியது. 1932ஆம் ஆண்டில் பேர்ணாட் லண்டன் என்பவர், பொருளாதார மந்தத்தை நீக்குதற்குப் பொருள்களின் ஆயுளுக்குச் சட்டத்தால் வரம்பிடுதல் வேண்டுமெனச் சிறுநூல் ஒன்று எழுதினார். 1960ஆம் ஆண்டில் வான்ஸ் பக்காட் இப்போக்கினை வன்மையாகக் கண்டித்தார். எனினும், கிடைக்காத ஒவ்வோர் உறுப்பின் பின்னாலும் சூழ்ச்சி உண்டெனக் கொள்ளுதல் மிகை. பல சந்தர்ப்பங்களில் நிகழ்வது வெறும் அசிரத்தையே: மாதிரி மாறுகின்றது, உறுப்பு வழங்கிய சிறு ஆலை மூடப்படுகின்றது, கம்பனி கைமாறுகின்றது. ஆனால் அசிரத்தை குற்றமின்மையாகிவிடாது. தன் செயலின் விளைவை முன்னறிந்தும் அதற்கு ஏற்பாடு செய்யாதவன், தீங்கு செய்ய எண்ணவில்லை என்பதனால் மட்டும் பொறுப்பினின்றும் விடுபடுவதில்லை.

இரண்டாவது வாதம் பாதுகாப்புப் பற்றியது. இதுவே வலிமை மிக்கது. 1930கள் முதல் குளிர்சாதனங்களிற் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன் வாயுக்கள் ஓசோன் படையைச் சிதைப்பன என அறியப்பட்டு, 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையாற் கட்டுப்படுத்தப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக வந்தவற்றுள் ஒன்றான ஆர்-134ஏ, நூறாண்டுக் கணக்கிற் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு வெப்பமாக்கும் ஆற்றலுடையது. அவ்வகை வாயுக்களைக் குறைப்பதற்கு 2016ஆம் ஆண்டிற் கிகாலியில் இணக்கம் காணப்பட்டது. இப்போது பரவிவரும் ஐசோபியூட்டேன் அத்தகைய கேட்டை விளைவிப்பதன்று. ஆயின் அது தீப்பற்றக்கூடியது. அமெரிக்காவின் தூய வளிச் சட்டத்தின் 608ஆம் பிரிவு, குளோரோபுளோரோகாபன், ஆர்-134ஏ முதலான வாயுக்களை வேண்டுமென்றே வெளியேற்றுவதைத் தடைசெய்து, அவற்றைக் கையாள்வோர் தேர்ச்சிச் சான்றிதழ் பெற்றிருத்தலையும் வேண்டுகின்றது. இத்தடை நியாயமானது. மூடிய சுற்றைத் தன் வீட்டினுள்ளே ஒருவன் திறந்தால் வெளியேறும் வாயு அவனுடைய கூரையோடு நின்றுவிடுவதில்லை. அவன் அறியாத மக்களையும் பிறவாத தலைமுறையையும் அது சென்றடைகின்றது.

ஆயின், மூடிய சுற்றுக்குப் பொருந்தும் இந்நியாயம் பம்பிக்கும் கம்பிச் சட்டகத்துக்கும் நீட்டப்படும்போதே பிழை நிகழ்கின்றது. சட்டகத்தை மாற்றுவதால் ஓசோன் படைக்கு ஊறில்லை. மின்சாரத்தைத் துண்டித்துச் செய்யும் அவ்வேலையால் அயலவருக்கும் அபாயமில்லை. அங்கும் உறுப்பை விற்க மறுப்பதோ, விளக்க ஏட்டை மறைப்பதோ, தன் முகவரன்றிப் பிறர் தொட்டால் உத்தரவாதம் அற்றுவிடும் எனக் கூறுவதோ எவரைக் காக்கின்றது? விற்பனையைக் காக்கின்றது. இதிலிருந்து ஓர் அளவுகோல் பெறப்படுகின்றது: பூட்டப்பட்ட கதவு பிறரைக் காப்பதாயின் அது அறத்தின்பாற்பட்டது, பூட்டியவனின் இலாபத்தை மட்டும் காப்பதாயின் அது அறத்தின்பாற்பட்டதன்று. பாதுகாப்பு என்ற சொல் இரண்டு கதவுகளிலும் எழுதப்பட்டிருக்கலாம். எக்கதவின் பின்னால் உண்மையாகவே அபாயம் உள்ளது எனப் பிரித்தறிதலே பகுத்தறிவின் பணி.

சட்டமும் மெல்ல மெல்ல இப்பாகுபாட்டை நோக்கி நகர்ந்துள்ளது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மக்னசன்-மொஸ் சட்டம், தன் பெயர் பொறித்த உறுப்பையே பயன்படுத்தவேண்டும் என உத்தரவாதத்துக்குப் பொதுவாக நிபந்தனை விதிப்பதைத் தடுத்தது. 2012ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் மாநில வாக்காளர் மோட்டார் வாகனங்களைத் திருத்தும் உரிமைக்கு ஒப்புதல் அளித்தனர். சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2021ஆம் ஆண்டிற் காங்கிரசுக்குச் சமர்ப்பித்த அறிக்கை, திருத்த வேலைக்கு விதிக்கப்படும் தடைகளை நியாயப்படுத்தும் சான்றுகள் மிகக் குறைவு எனக் கண்டது. 2023ஆம் ஆண்டிற் கலிபோர்ணியாவில் நிறைவேறிய சட்டம், மொத்த விலை 100 டொலருக்குக் குறையாத வீட்டு மின்சாதனங்களுக்கும் மின்னணுப் பொருள்களுக்கும், அம்மாதிரியின் உற்பத்தி நின்றபின் 7 ஆண்டுகள் வரை உறுப்புகளையும் கருவிகளையும் விளக்க ஏடுகளையும் கிடைக்கச் செய்யுமாறு பணித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு விதி, குளிர்சாதனப் பெட்டிகளின் உணரி, மின்சுற்றுப் பலகை முதலியவற்றை 7 ஆண்டுகளுக்கும், கதவின் இறப்பர்ப் பட்டியை 10 ஆண்டுகளுக்கும் வழங்க வேண்டுமென வரையறுத்தது.

எல்லையற்ற கடமை இயலாது என்ற வாதத்துக்கு இவ்வாண்டெல்லைகள் தக்க விடையாகின்றன. எனினும், சட்டம் தொடும் இடத்துடன் அறம் நின்றுவிடுவதில்லை. உறுப்பு கிடைக்கும், ஆனால் அதன் விலை புதிய இயந்திரத்தின் விலையை அண்மியிருக்கும். அறுந்தது ஒரு கம்பியாயினும் முழுச் சட்டகத்தையே வாங்க நேரலாம். ஏடு வழங்கப்படும், அது எவர்க்கும் விளங்காத வகையில் எழுதப்பட்டிருக்கும். இவை யாவும் சட்டத்தின் எழுத்தை மீறாமலே நிகழத்தக்கவை. இயந்திரத்தை வரையும் மேசையிலேயே, இவ்வுறுப்பு ஒருநாள் தேயும், இதனை ஒருவர் கழற்ற வேண்டிவரும் என எண்ணுதலே கடமையின் தொடக்கம். பசையால் ஒட்டுவதா திருகாணியால் இணைப்பதா என்ற சிறு முடிவும் இவ்வகையில் அறமுடிவாகவே அமைகின்றது.

கடமை ஆக்கியவனுக்கு மட்டும் உரியதன்று. பனிக்கட்டி இயந்திரத்தின் பழுதுகள் பல, பேணாமையால் விளைவனவே. வன்னீரிலுள்ள சுண்ணம் தட்டிலும் வால்விலும் பம்பியிலும் படிகின்றது. உரிய அமிலக் கரைசலால் அதனைக் காலந்தோறும் கழுவ வேண்டும். ஒடுக்கியின் தகடுகளிற் படியும் தூசியை அகற்றாவிடின் வெப்பம் வெளியேற வழியின்றி அமுக்கி மிகையாக உழைத்து நலிகின்றது. இவற்றைச் செய்யாதவர் உறுப்பு விரைவில் அழிந்ததெனக் குறைகூறுவது முழு நியாயமாகாது. உழைப்பைக் கலப்பதனால் ஒரு பொருள் உடைமையாகின்றது என்பது ஜோன் லொக்கின் கோட்பாடு. அதனைச் சற்று நீட்டிக் கூறினால், பணத்தால் வாங்கிய பொருளும் பேணும் உழைப்பினாலேயே முழுமையாக ஒருவரது உடைமையாகின்றது. திருத்தும் உரிமையைக் கோருபவர் பேணும் கடமையையும் ஏற்றவராதல் வேண்டும்.

இவ்விருவருக்குமிடையே நிற்பவர் திருத்துநர். அவரது அறம் அறிவைப் பயன்படுத்தும் முறையிலேயே சோதிக்கப்படுகின்றது. பழுது எதுவென ஆராயாது ஊகத்தால் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர், தம் அறியாமைக்கான செலவை வீட்டுக்காரரிடம் அறவிடுகின்றார். படிவைக் கழுவினாற் போதும் என்ற இடத்திற் புதிய பம்பியை விற்பவரும் அத்தகையவரே. மறுபுறம், மூடிய சுற்றில் வாயு கசிகின்றது, இதனைத் திருத்துதல் பயன்தராது, வாயுவை முறைப்படி மீட்டெடுத்து இயந்திரத்தைக் கைவிடுதலே தக்கது என உண்மையை உரைத்துத் தம் கூலியை இழப்பவர் அத்தொழிலின் மதிப்பை உயர்த்துகின்றார். திருத்துதல் எப்போதும் நன்று என்பது ஒரு மூடநம்பிக்கை. திருத்தலாமா கூடாதா என்பதை உண்மையின் அடிப்படையில் தீர்மானிக்கும் வாய்ப்பு உரியவருக்குக் கிடைத்தலே வேண்டப்படுவது.

தொகுத்து நோக்குமிடத்து, விற்பனை என்பது உறவொன்றின் முடிவன்று. காலவரையறையுடைய உறவொன்றின் தொடக்கம் என்பது பெறப்படுகின்றது. அவ்வுறவில் ஆக்கியவன் உறுப்பையும் அறிவையும் வழங்கக் கடப்பாடுடையவன். கொண்டவர் பேணக் கடப்பாடுடையவர். திருத்துநர் மெய் உரைக்கக் கடப்பாடுடையவர். பிறருக்குத் தீங்கு நேரும் இடத்தில் மட்டுமே இவ்வாய்ப்பினை மட்டுப்படுத்துதல் நியாயமாகும். பனிக்கட்டி போன்ற அற்ப பொருளில் இவ்வளவு பொறுப்பு அடங்கியுள்ளதா என வினவுவோர் உளர். இன்று அறுந்த கம்பியொன்றுக்காக முழுப் பெட்டியையும் வீசப் பழகிய கைகள், நாளை மருத்துவக் கருவியையும் உழவு இயந்திரத்தையும் அதே கணக்கில் நோக்கப் பழகிவிடும். இழப்புச் சிறிதாயிருக்கும் இடத்திலேயே நெறியை வகுத்துக்கொள்ளும் சமூகத்துக்கு, இழப்புப் பெரிதாகும்போது அந்நெறி துணைநிற்கும்.